மேசை மேல் லவங்கம்

அன்றைக்கும் மேசை மேல் கிராம்பு இருந்தது.

சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில், கிழித்த காகிதத் துண்டின் மேல், சாமிக்குப் பூ வைப்பதுபோல் யாரோ அதை வைத்திருந்தார்கள். மோகனப்ரியா எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நாக்கின் ஓரத்தில் சுருக்கென்று காரம் ஏறியது. காலையில் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்த அலுப்பு கொஞ்சம் கரைந்தது.

"யாரு கண்ணுங்களா வெச்சது?"

ஐந்தாம் வகுப்பு ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டது. சிலர் கூரையைப் பார்த்தார்கள். சிலர், எப்போதும் இல்லாத அதிசயமாக, புத்தகத்தைப் பார்த்தார்கள். முன்வரிசை ரூபா மட்டும், "மிஸ், அது வந்து..." என்று எழுந்தாள். பின்னால் இருந்து யாரோ அவள் சடையை இழுத்தார்கள். உட்கார்ந்துவிட்டாள்.

கூச்சப்படுகிறார்கள் என்று மோகனப்ரியா நினைத்துக்கொண்டாள். மனசு நிறைந்துபோயிற்று.

சானமாவுக் காட்டை ஒட்டிய ஊர் அது. யானை இறங்கிய நாட்களில் பள்ளிக்கூடம் கிடையாது. மற்ற நாட்களில் உண்டு. பாதிப் பிள்ளைகள் வீட்டில் கன்னடம் பேசுவார்கள், மீதியில் பாதி தெலுங்கு பேசுவார்கள், சண்டை போடும்போது மட்டும் எல்லாரும் தமிழுக்கு வந்துவிடுவார்கள். கணவனுக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை கிடைத்ததால் சாத்தூரிலிருந்து வந்து சேர்ந்த மோகனப்ரியாவுக்கு, இந்தப் பிள்ளைகளிடம் தன் பேச்சு எடுபடுகிறதா என்ற சந்தேகம் எப்போதும் இருந்தது. பல் பாடம் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது.

அந்தப் பாடம் புத்தகத்தில் இல்லாதது. ஒருநாள் வெங்கட் என்ற பையனைச் சுற்றி நின்று வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டது. அவன் அழுதுகொண்டே வராந்தாவுக்கு ஓடினான். மோகனப்ரியா தமிழ்ப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பல் விளக்குவது எப்படி என்று ஆரம்பித்தாள். வட்டமாகத் தேய்க்க வேண்டும், அழுத்தித் தேய்க்கக் கூடாது, நாக்கையும் வழிக்க வேண்டும், ராத்திரி படுக்கும் முன்பும் விளக்க வேண்டும். பல்லில் பழுப்புக் கறை இருப்பவர்கள் வெட்கப்பட வேண்டாம், அது போர்வெல் தண்ணீரின் வேலை, உங்கள் தப்பில்லை என்றாள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். மறுநாள் வெங்கட் வாயைத் திறந்து, "மிஸ், பாருங்க" என்று வரிசையில் முதல் ஆளாக நின்றான்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் மேசையில் கிராம்பு வர ஆரம்பித்தது.

முதல் பீரியட் முடிந்து வெளியே வரும்போது, கணக்குப் பாடம் எடுக்க வந்த தலைமையாசிரியர் சென்னகிருஷ்ணன் வாசலில் எதிர்ப்பட்டார்.

"என்னங்க டீச்சர், வாயில என்னமோ அரைக்கறீங்க?"

"கிராம்பு சார். பிள்ளைங்க தினமும் எனக்காக வெக்கிதுங்க. பிரியம்."

சென்னகிருஷ்ணன் பெருமூச்சு விட்டார். "இருவத்தஞ்சு வருச சர்வீஸ்ல எனக்கு ஒருத்தனும் ஒண்ணும் வெச்சதில்லைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மோகனப்ரியாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஓசூரில் இருக்கும் ஒரு ஃபேக்டரியிலிருந்து பள்ளிக்கு பிரஷ்ஷும் பேஸ்ட்டும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு சின்ன விழா. பிள்ளைகள் மேடையில் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், டீச்சர் பல் விளக்கிக் காட்ட வேண்டும். மறுநாள் காலை வழக்கம்போல கிராம்பை வாயில் ஒதுக்கிக்கொண்டு அவள் ஒத்திகையை ஆரம்பித்தாள்.

"தினமும் எத்தனை வேளை?"

"ரெண்டு வேளை மிஸ்!"

"எப்படித் தேய்க்கணும்?"

"வட்டமா மிஸ்!"

"கூட இருக்கறவங்களுக்கு வாய் நாத்தம் அடிச்சா என்ன செய்யணும்?"

வகுப்பு ஒரே குரலில் முழங்கியது. "கூட்டத்துல சொல்லி அவமானப்படுத்தக் கூடாது மிஸ்! யாருக்கும் தெரியாம அவங்களுக்கு ஒரு லவங்கம் குடுக்கணும் மிஸ்! அவங்களே புரிஞ்சுக்குவாங்க மிஸ்!"

"வெரி" என்றாள் மோகனப்ரியா.

'குட்' வரவில்லை.

அவள்தான் சொல்லிக்கொடுத்தது. கிராம்பு என்று சொன்னபோது, "கிராம்புன்னா இன்னா மிஸ்?" என்று கேட்டார்கள், "இந்தப் பக்கம் லவங்கம்னு சொல்வீங்களே, அது" என்று விளக்கம்கூடச் சொன்னாள். வார்த்தை மாறாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். வாயில் இருந்த கிராம்பை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. வகுப்பு முழுவதும் அவளைக் கனிவாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கனிவுதான் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. கணவன் கௌதம் முதல் ஷிஃப்ட் முடித்து வந்து, டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, கிட்ட வாங்க."

பயந்துபோய் வந்தான். அவன் முகத்தில் 'ஹா' என்று ஊதினாள்.

"என்ன புள்ள இது?"

"என்ன வாடை வருது?"

"ஒண்ணும் வரலியே."

"நெசமாச் சொல்லுங்க. கோவிச்சுக்க மாட்டேன்."

"எனக்கு எதுதான் வருது? பெயிண்ட் ஷாப்புல தின்னரை மோந்து மோந்து மூக்கு எப்பவோ செத்துப்போச்சு. போன வாரம் பால் தீஞ்சு வீடே புகைஞ்சுச்சு, நான் இங்கனயேதான உக்காந்து மேட்ச் பாத்துக்கிட்டிருந்தேன்?"

மோகனப்ரியா கட்டிலில் உட்கார்ந்தாள். ஆக, இத்தனை வருடம் இந்த மனிதர் தன்னோடு முகம் சுளிக்காமல் குடும்பம் நடத்தியதற்குக் காரணம் அன்பு இல்லை. தின்னர்.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக விளங்க ஆரம்பித்தது. பஸ்ஸில் பக்கத்து சீட் பல நாள் காலியாகவே வரும். அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தாள். கிருஷ்ணகிரியில் நடந்த பயிற்சி வகுப்பில், பேச எழுந்த அவளிடம் பக்கத்தில் இருந்த டீச்சர் ஒரு புதினா மிட்டாயை நீட்டினாள். நல்ல மனுஷி என்று நினைத்திருந்தாள். கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தாள். மாலை மாற்றும் படத்தில் கௌதம் லேசாகப் பின்னால் சாய்ந்திருந்தான். அப்போது அவனுக்கு மூக்கு வேலை செய்துகொண்டிருந்திருக்க வேண்டும்.

அவமானத்தில் அவளுக்குக் காது மடல்கூடச் சுட்டது. எத்தனை பேர்! எத்தனை வருடம்! ஒருத்தராவது வாய் திறந்து சொன்னார்களா? கடைசியில் காட்டோரத்துப் பிள்ளைகள் வந்துதானே சொல்ல வேண்டியிருந்தது!

மறுநாளிலிருந்து வைத்தியம் ஆரம்பமாயிற்று.

அழுத்தித் தேய்க்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னவள், அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோல் தன் பல்லைத் தேய்த்தாள். காலையில் தேய்த்தாள், பள்ளிக்கூடக் குழாயடியில் தேய்த்தாள், சாயங்காலம் வீட்டுக்கு வந்து தேய்த்தாள். ஈறு வீங்கி ரத்தம் வந்தது. வாயைத் திறந்து பேச முடியாமல், உதட்டைக் குவித்துக்கொண்டு பாடம் நடத்தினாள்.

அடுத்த காலை மேசையில் கிராம்பு கூடியிருந்தது. ஒரு சிட்டிகை அளவு.

வெங்காயத்தையும் பூண்டையும் நிறுத்தினாள். மேசையில் கிராம்பு ஒரு சின்னக் குவியலாக இருந்தது.

மதியச் சாப்பாட்டையே நிறுத்தினாள். சாப்பிட்டால்தானே வாடை என்பது அவள் கணக்கு. வெறும் வயிற்றோடு நின்று கத்தியதில், மூன்று மணிக்கு மேல் தலை சுற்றியது, வாய் உலர்ந்து, அவளுக்கே ஒரு புளித்த வாடை தெரிய ஆரம்பித்தது. தெரிந்துவிட்டதல்லவா, இனி சந்தேகமே இல்லை. மறுநாள் காகிதத்தில் மடித்து ஒரு பொட்டலமே இருந்தது. பக்கத்தில் ஒரு பேஸ்ட் டியூப், பாதி பிதுக்கியது.

பிள்ளைகள் கொடுத்ததை வீணாக்கக் கூடாது என்று அவள் ஒன்றுவிடாமல் மென்றாள். அத்தனை கிராம்பையும் மென்றால் என்ன ஆகும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாக்கு மரத்துப்போயிற்று. கடவுள் வாழ்த்தை ஆரம்பித்தவளுக்கு 'ல'வும் வரவில்லை, 'ர'வும் வரவில்லை. என்ன பாட்டு என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை. ஆனாலும் மரியாதையாக எழுந்து நின்றார்கள்.

"மிஸ்ஸுக்கு வாய் கோணிக்கிச்சு" என்று பின்வரிசையில் யாரோ ரகசியமாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

சனிக்கிழமை பாகலூர் ரோட்டில் ஒரு பல் டாக்டரிடம் போனாள். கமலக்கண்ணன் என்று பெயர். நாற்காலியில் சாய்த்து, விளக்கைப் போட்டு, கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார்.

"ஏம்மா இப்படித் தேச்சு வெச்சிருக்கீங்க? ஈறெல்லாம் புண்ணு. மத்தபடி பல்லு நல்லாருக்கு. சொத்தை ஒண்ணும் இல்ல."

"டாக்டர், வாடை?"

"அப்படி ஒண்ணும் தெரியலம்மா."

"நீங்க மாஸ்க் போட்டிருக்கீங்களே, எப்படித் தெரியும்? கழட்டிட்டுப் பாருங்க."

டாக்டர் உதவிக்கு இருந்த நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் சுவரைப் பார்த்தாள். அவர் மாஸ்க்கை இறக்கினார். மோகனப்ரியா கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள்.

"லவங்க வாசனைதாம்மா வருது. பிரியாணிக் கடைக்குள்ள போன மாதிரி."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், படித்தவர், பெண்பிள்ளை மனசு நோகக் கூடாது என்று சொல்கிறார். அவர் எழுதிக்கொடுத்த ஈறு மருந்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். ரோட்டில் எதிரே வந்த ஒருவன் தும்மினான். அதுவும் தன்னால்தான் என்று தோன்றியது.

பொய் சொல்லாத ஒருவரிடம் கேட்க வேண்டும். அப்படி அவளுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான். தலைமையாசிரியர் சென்னகிருஷ்ணன் முகத்துக்கு நேரே பேசுகிறவர் என்று பேர் எடுத்தவர். திங்கட்கிழமை அவர் அறைக்குப் போனாள். எப்போதும் வாசற்படியில் நின்றுதான் பேசுவாள். இன்றைக்கு அதற்கும் ஓர் அடி பின்னால், வராந்தாவில் நின்றாள்.

"சார், ஒரு விஷயம். மனசுல வெச்சுக்காம உண்மையைச் சொல்லணும். என்கிட்ட ஏதாவது... வாய்ல... வாடை வருதா சார்?"

சென்னகிருஷ்ணன் பேனாவை மூடி வைத்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு பெரிய பாரம் இறங்கியவர்போல் இருந்தார்.

"நீங்களே கேட்டுட்டீங்க டீச்சர். நான் எப்படிச் சொல்றதுன்னு ரொம்ப நாளாச் சங்கடப்பட்டுட்டு இருந்தேன்."

மோகனப்ரியா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"வருதா சார்?"

"வருதுங்க. மறைக்கறதுக்கு என்ன? நீங்க அந்தத் தூண்கிட்ட நிக்கறீங்க, இங்க வரைக்கும் வருது."

"இங்க நின்னாக்கூடவா?"

"ஸ்டாஃப் மீட்டிங்ல வரும். நீங்க லீவு போட்ட அன்னிக்கும் இருக்கற மாதிரியே ஒரு பிரமை. அந்தளவுக்கு ஆயிப்போச்சு." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மனசு விட்றாதீங்க. மனுசனுக்கு வர்றதுதான். நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். விழா முடியற வரைக்கும் ஒரு மாஸ்க் போட்டுக்கங்க. ஸ்கூல் பேரு இருக்குதில்லைங்களா?"

அவருடைய பெருந்தன்மை அவளை அழவைத்தது. கும்பிட்டுவிட்டு வந்தாள்.

மாஸ்க் போட்ட முதல் நாளே ஊருக்குள் செய்தி பரவிவிட்டது. மறுநாள் வகுப்பில் பாதிப்பேரைக் காணோம். வந்த பாதியும் மூக்கு வரை கைக்குட்டை கட்டிக்கொண்டு கொள்ளைக்காரர்கள்போல் உட்கார்ந்திருந்தது. பத்து மணிக்கு ரூபாவின் அம்மா கெம்பம்மா, ரோஜாத் தோட்டத்து வேலையைப் போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏன் மிஸ்ஸு, பழையபடி கொரோனா வந்துட்டுதுங்களா?"

"இல்லைங்க. எனக்குச் சும்மா... ஜலதோஷம்."

"ஆனை வந்தா மட்டும் லீவு உடறீங்க. இதுக்கு உட மாட்டீங்களா?"

"நோய் ஒண்ணும் இல்லைங்க. பயப்படாதீங்க."

கெம்பம்மா கொஞ்சம் சமாதானமானாள். ஆனால் போகவில்லை. "இன்னொண்ணு மிஸ்ஸு. ஊட்ல லவங்க டப்பா காலியாக் கெடக்குது. நேத்து கறிக்குப் போட ஒண்ணு இல்ல. ரூபாவைக் கேட்டா, 'ஸ்கூல் விசயம், சொல்லக் கூடாது, மிஸ் சொல்லியிருக்கறாங்கோ'ன்றா. பக்கத்து ஊட்லயும் இதே கதை. அந்தம்மா கடைக்குப் போனா கடையிலயே இல்லையாம். அப்படி என்னங்க பாடம் நடத்தறீங்க லவங்கத்த வெச்சு?"

மோகனப்ரியாவின் மாஸ்க்குக்குள் முகம் எரிந்தது. ஊரே தனக்காகக் கிராம்பு வாங்கிக்கொண்டிருக்கிறது. ஊரில் இனிக் கிராம்பே இல்லை. அந்த அளவுக்கு இருக்கிறது தன் நிலைமை.

"அறிவியல் சோதனைங்க" என்றாள்.

"ஜாதிக்காய்க்குச் சோதனை வெச்சா மொதல்லயே சொல்லிடுங்க. வெலை ஜாஸ்தி" என்றுவிட்டு கெம்பம்மா போனாள்.

அன்று மேசையில் பொட்டலத்தோடு ஒரு புது டூத் பிரஷ்ஷும் இருந்தது. கைப்பிடியில் கரடி படம். பிள்ளைகள் காசு சேர்த்து வாங்கியிருப்பார்கள். மோகனப்ரியா அதைக் கையில் வைத்துக்கொண்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, மாஸ்க் நனைய நனைய அழுதாள்.

விழா நாள் வந்தது. பள்ளி மைதானத்தில் ஷாமியானா. மேடையில் நடு நாற்காலியில் சென்னகிருஷ்ணன், அவருக்கு வலப்பக்கம் ஃபேக்டரியிலிருந்து வந்திருந்த தினேஷ்குமார் என்ற இளம் அதிகாரி. கீழே ஒரு பக்கம் பிள்ளைகள், மறுபக்கம் தாய்மார்கள். கெம்பம்மா முதல் வரிசையில் இருந்தாள்.

பிள்ளைகள் கேள்விகளுக்கு நன்றாகவே பதில் சொன்னார்கள். லவங்கக் கேள்வியை மோகனப்ரியா விட்டுவிட்டாள்.

"அடுத்ததாக, நமது ஆசிரியை பல் துலக்கும் முறையைச் செய்து காட்டுவார்" என்று சென்னகிருஷ்ணன் மைக்கில் அறிவித்தார்.

எல்லார் கையிலும் புது பிரஷ். மோகனப்ரியா மேடையின் ஓரத்துக்கு, யாருக்கும் எட்டாத தூரத்துக்குப் போய் நின்றாள். மாஸ்க் இருந்த இடத்தில் இருந்தது. பிரஷ்ஷை மாஸ்க்குக்கு அரையடி முன்னால் பிடித்துக்கொண்டு, காற்றில் வட்டமாகச் சுற்றினாள்.

"மேல் பல்லு... இப்படி. கீழ்ப் பல்லு... இப்படி."

பிள்ளைகள் மிஸ் செய்வதை அப்படியே செய்தார்கள். மைதானம் முழுவதும் வாயை இறுக மூடிக்கொண்டு, மூக்குக்கு முன்னால் பிரஷ்ஷைச் சுற்றிக்கொண்டிருந்தது. பார்ப்பதற்கு ஒரு பெரிய கூட்டம் சேர்ந்து யாருக்கோ ஆரத்தி எடுப்பதுபோல் இருந்தது. தாய்மார்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது.

"நாக்கு..." என்று சொல்லி, காற்றில் இல்லாத நாக்கை வழித்தாள். பிள்ளைகளும் வழித்தார்கள்.

தினேஷ்குமார் ஃபோட்டோகிராஃபரை நிறுத்தச் சொன்னான். "மேடம், மாஸ்க்கை எடுத்துட்டுச் செய்யுங்களேன். ஃபோட்டோல பல்லே தெரியல."

"பரவாயில்லைங்க சார்."

"இல்ல மேடம், ப்ரோக்ராமே பல்லுதானே?"

அவள் சென்னகிருஷ்ணனைப் பார்த்தாள். அவர் நிலைமையைச் சமாளிக்க முன்வந்தார். தினேஷ்குமார் பக்கம் நன்றாகச் சாய்ந்து, அவன் முகத்துக்கு நெருக்கமாகப் போய், நீளமாக ஏதோ கிசுகிசுத்தார். தினேஷ்குமார் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் முகம் மாறியது. நாற்காலியைப் பின்னால் நகர்த்தினான். பிறகு பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான்.

மோகனப்ரியா அதைப் பார்த்தாள். மாஸ்க் போட்டிருக்கிறாள். மேடையின் இந்தக் கோடியில் நிற்கிறாள். அங்கே அந்தக் கோடியில் ஒருவன் மூக்கைப் பொத்துகிறான்.

இதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது?

அவள் நேராக மைக்கிடம் வந்தாள். மாஸ்க்கைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும்" என்றாள். "பிள்ளைங்களுக்குப் பல்லு வெளக்கச் சொல்லிக் குடுக்கற தகுதி எனக்கு இல்லை. என் வாய்தான் நாறுது. இது என் வீட்டுக்காரருக்குத் தெரியல. டாக்டர்கூடச் சொல்லல. இந்தப் பிள்ளைங்கதான் கண்டுபிடிச்சாங்க. கூட்டத்துல சொல்லி என்னை அவமானப்படுத்தாம, தினமும் யாருக்கும் தெரியாம என் மேசையில கிராம்பு வெச்சாங்க. எவ்வளவு வெச்சும் எனக்குச் சரியாகல. அதான் நாளுக்கு நாள் கூட வெச்சாங்க. ஊர்ல இருக்கற தாய்மாருங்க எல்லாரும் என்னை மன்னிக்கணும், உங்க வீட்டு லவங்கத்தையெல்லாம் தின்னவ நான்தான்."

தாய்மார்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். கெம்பம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சென்னகிருஷ்ணன் மேடையில் எழுந்து நின்று, உருக்கமாக ஒருமுறை கை தட்டினார்.

பிள்ளைகள் பக்கத்தில் ஒரே சலசலப்பு. யாரோ யாரையோ தள்ளினார்கள். "நீ சொல்லு", "நான் மாட்டேன்", "நீதான் லீடரு" என்று குசுகுசுப்பு. கடைசியில் ரூபா எழுந்து மேடைக்கு வந்தாள். கையில் புது பிரஷ்ஷை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மிஸ், அழாதீங்க மிஸ். ஒண்ணு சொல்லணும். காதுல சொல்லட்டுமா?"

"வேண்டாம் கண்ணு. இனிமே எனக்கு ஒளிக்க ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் கேக்கற மாதிரி மைக்லயே சொல்லு."

ரூபா தயங்கினாள். வகுப்பைப் பார்த்தாள். வகுப்பு தலையாட்டியது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களை ஒருமுறை பயத்தோடு பார்த்துவிட்டு, குதிகாலை உயர்த்தி மைக்குக்கு வாயைக் கொண்டுபோனாள்.

"அந்த லவங்கம் உங்களுக்கு இல்ல மிஸ், ரெண்டாவது பீரியட் வர்ற ஹெச்.எம். சாருக்கு; நீங்கதான் தெனமும் மொதல்லயே வந்து எல்லாத்தையும் தின்னுட்டுப் போயிடறீங்க!"